வில்லுக்கு ஆதார் எடுப்பது எப்படி?

வில்லிசை தெரிந்திருக்க வேண்டிய கட்டாயம் எதுவும் இல்லை. தெரிந்திருந்தால் வேலை தாமதமாகும். ஒரு லேப்டாப், கொத்தனார் இடுப்பில் செருகியிருப்பாரே அந்த மாதிரி ஒரு இன்ச் டேப், எந்தக் கோவில் முற்றத்திலும் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு "ஆவணப்படுத்த வந்திருக்கேன்" என்று சொல்லும் தைரியம், இவ்வளவு போதும். தோவாளை, அகஸ்தீஸ்வரம் தாலுகாக்களில் சித்திரை பிறந்தால் ஆடி முடிகிறவரை ஏதாவது ஒரு சுடலைமாடனுக்கோ முத்தாரம்மனுக்கோ கொடை விழா நடந்துகொண்டுதான் இருக்கும். வில்லுக்குப் பஞ்சமில்லை. பதிவுக்குத்தான் பஞ்சம். அதைத் தீர்க்கத்தானே நீங்கள் கிளம்பியிருக்கிறீர்கள்.

முதலில் படிவம். நீங்களாக ஒன்றைத் தயாரிக்காதீர்கள். தயாரிக்க உட்கார்ந்தால் யோசிக்க வேண்டியிருக்கும். வயலின்காரர்களிடம் பிரமாதமான படிவம் ஒன்று இருக்கிறது. கோசியோ பிரபு (1755–1840) என்று ஒரு இத்தாலியர் வயலின்களை வாங்கிச் சேர்த்து, அளந்து, குறிப்பெழுதியே காலத்தைக் கழித்தார். அவர் பெயரிலேயே இன்று ஒரு பெரிய இணையக் காப்பகம் நடக்கிறது. அதில் ஒரு வயலினைத் தேடினால் செய்தவர் பெயர், செய்த ஊர், ஆண்டு, உடலின் நீளம் மில்லிமீட்டரில், யார் கையிலிருந்து யார் கைக்குப் போனது என்ற வம்சாவளி எல்லாம் வந்து நிற்கும். ஆக்ஸ்ஃபோர்டில் ஆஷ்மோலியன் அருங்காட்சியகத்தில் 'மெசையா' என்று ஒரு ஸ்ட்ராடிவாரி இருக்கிறது, 1716-இல் செய்தது. அதன் மேற்பலகையில் மர வளையங்களை எண்ணிப் பார்த்து வயது சொல்கிற அளவுக்கு அதை ஆராய்ந்திருக்கிறார்கள். வயலின் வாசிக்கும் வில்லுக்கும் இதே மரியாதை உண்டு. பாரிஸில் ஃபிரான்சுவா டூர்த் (1747–1835) செய்த வில் என்றால் எடையைக் கிராமுக்குக் கீழே பின்னத்தில் எழுதுவார்கள். மொத்த எடையே ஏறக்குறைய 60 கிராம்தான்.

அந்தப் படிவத்தை அப்படியே இறக்கிக்கொள்ளுங்கள். 'வயலின்' என்று இருக்கும் இடத்தில் எல்லாம் 'வில்லு' என்று மாற்றுங்கள். ஃபைன்ட், ரீப்ளேஸ், முடிந்தது. ஆராய்ச்சி முறையியல் என்று அறிக்கையில் ஒரு அத்தியாயம் எழுத வேண்டிவந்தால் இதைத்தான் எழுத வேண்டும், கொஞ்சம் நீட்டி.

இனிக் கட்டங்களை நிரப்பலாம். 'செய்தவர்' என்ற முதல் கட்டத்திலேயே, நடுவில் உட்கார்ந்து பாடும் அண்ணாவி உங்களை ஒரு மாதிரி பார்ப்பார். தண்டு பனை வைரம். அவருடைய அப்பா காலத்தில் யாரோ செதுக்கிக் கொடுத்தது. நாண் போன வருஷம் மாற்றியது. தொங்கும் மணிகளில் சில பழசு, சில கடையில் வாங்கியது. வில்லோடு சேர்த்துக் கட்டும் குடம் குயவரிடம் வாங்கியது, அதற்கு முந்தியது உடைந்துபோனது, அதற்கும் முந்தியது லாரியில் போகும்போது உடைந்தது. நாணைத் தட்டும் வீசுகோல் அவரே செய்துகொண்டது. இதில் எதை 'வில்லு' என்று எடுத்துக்கொண்டு எந்த வருஷத்தைப் போடுவது? சுலபம். எல்லா வருஷங்களையும் கூட்டிச் சராசரி போடுங்கள். 1987 என்று வரும். துல்லியமான எண் என்றால் யாரும் கேள்வி கேட்பதில்லை.

'மரம்' என்ற கட்டத்தில் மட்டும் நாம் வயலின்காரர்களுக்குச் சளைத்தவர்கள் இல்லை. அவர்கள் வில் செய்யும் பெர்னம்புகோ மரம், அருகிவரும் உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தப் பட்டியலில் 2007 முதல் இருக்கிறது. எல்லை தாண்ட வேண்டுமென்றால் காகிதம் காட்ட வேண்டும். நம் பனைக்கும் 2021 வேளாண் பட்ஜெட்டிலிருந்து ஒரு காகிதம் வந்துவிட்டது, வெட்டக் கலெக்டர் அனுமதி வேண்டும் என்று. மாநில மரம் அல்லவா. இதைப் பெருமையாக அடிக்குறிப்பில் போடலாம்.

அடுத்தது நீளம். பத்தடி இருக்கும் என்று எல்லோரும் சொல்வார்கள். நீங்கள் வாய்ச்சொல்லை நம்பக்கூடாது, டேப் எதற்கு இருக்கிறது? வீட்டு உத்தரத்தில் துணி சுற்றிக் கிடக்கும் வில்லை இறக்கி, திண்ணையில் கிடத்தி, ஒரு முனையைப் பிடித்துக்கொள்ளப் பக்கத்து வீட்டுப் பையனைக் கூப்பிட்டு அளந்து முடிக்கும்போது, குடம் அடிக்கும் பாட்டா வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு சொல்வார்: "ஓய், நீரு அளந்தது கம்பு. கெட்டினாத்தான் அது வில்லு." அவர் சொல்வது சரிதான் என்பதுதான் சங்கடம். நாண் ஏற்றினால் தண்டு வளையும், வளைந்தால் முனைக்கு முனை தூரம் குறையும். எவ்வளவு குறையும் என்பது அன்றைக்கு எவ்வளவு இழுத்துக் கட்டினார்கள் என்பதைப் பொறுத்தது. தென்மேற்குப் பருவமழை, வடகிழக்குப் பருவமழை இரண்டையும் வாங்கிக்கொள்ளும் இந்த மாவட்டத்தில் தோல் நாணுக்கு ஒரு மாதத்து விறைப்பு மறு மாதம் இருக்காது. படிவமோ ஒரே ஒரு எண்ணைத்தான் ஏற்கும். இரண்டு எண் போட்டால் சிவப்பு எழுத்தில் திட்டும். கம்பின் நீளத்தையே போடுங்கள்; பாட்டா படிவத்தைப் படிக்கப்போவதில்லை.

படம் எடுப்பது பற்றி அதிகம் சொல்ல வேண்டாம். வெள்ளைப் பின்னணி வேண்டும் என்று விதி. பத்தடி வில்லுக்கு வெள்ளைப் பின்னணி என்றால் இரண்டு வேட்டியைச் சேர்த்துக் கட்ட வேண்டும். கரை தெரியாத மாதிரி மடியுங்கள். நிற அட்டையும் ஸ்கேலும் பக்கத்தில் இருக்கட்டும், அவை இருந்தால்தான் அறிவியல்.

வகைப்பாட்டில்தான் உண்மையான சுகம். ஹார்ன்போஸ்டல், சாக்ஸ் என்று இரண்டு பேர் 1914-இல் உலகத்து வாத்தியங்களுக்கு எல்லாம் நூலகப் புத்தகம் போல எண் கொடுத்து வைத்திருக்கிறார்கள். ஒற்றை நாண் கட்டிய இசைவில், ஒலிக்கூடு தனியாக இருந்தால் 311.121.21. ஒலிக்கூடு வில்லோடு சேர்த்துக் கட்டப்பட்டிருந்தால் 311.121.22. இப்போது நம் வில்லைப் பாருங்கள். சாயங்காலம் ஆறு மணிக்குக் குடம் தனி, வில் தனி. ஏழு மணிக்கு இரண்டும் ஒன்று. விடிந்ததும் மறுபடி தனித்தனி. ஆக, ஒரே வாத்தியம் ஒரு ராத்திரிக்குள் இரண்டு தடவை இனம் மாறுகிறது. அதோடு அந்தக் குடம் ஒலிக்கூடாக மட்டும் சும்மா உட்கார்ந்திருக்கிறதா என்றால் அதுவும் இல்லை. கமுகம்பாளையில் வெட்டிய தட்டால் அதன் வாயில் ஓர் அடி, மற்றக் கையில் இருக்கும் காசால் பக்கத்தில் ஒரு தட்டு என்று அது தன் பங்குக்கு ஒரு தனி வாத்தியமாக முழங்குகிறது. வில்லின் மணிகளுக்கு வேறு எண். வீசுகோலில் கலகலக்கும் சில்லுகளுக்கு வேறு. ஜால்ராவுக்கு 111.142, கட்டைக்கு 111.11, உடுக்கைக்கு 211.242. பெர்லினில் உட்கார்ந்து எழுதியவர்களுக்கு ஒரே பாயில் இத்தனை எண்கள் சம்மணம் போட்டு உட்காரும் என்று தெரிந்திருக்க நியாயமில்லை. எல்லாவற்றையும் அரைப்புள்ளி போட்டு வரிசையாக எழுதிவிடுங்கள். செல்போன் நம்பர் மாதிரி தெரிந்தால் தெரியட்டும்.

இப்போது ஒரு முக்கியமான எச்சரிக்கை. பாட்டுத் தொடங்குவதற்குச் சற்று முன்னால், பந்தலில் ஒரு வேலை நடக்கும். அதைப் பார்க்காதீர்கள்.

வைக்கோல் பிரிமணையைத் தரையில் போட்டு, குடத்தை அதில் அமுக்கி, சாய்கிறதா என்று ஆட்டிப் பார்ப்பார்கள். வில்லின் நடுப்பகுதி குடத்தின் கழுத்துக்கு வரும். கயிறு சுற்றும். ஒருவர் வில்லின் முனையில் தன் எடை முழுவதையும் கொடுத்து அமர்ந்திருப்பார். இன்னொருவர் கயிற்றை முறுக்கி, பல்லால் பிடித்து, மறுபடி முறுக்குவார். அண்ணாவி வீசுகோலை எடுக்கமாட்டார், விரலால் நாணை ஒரு சுண்டு சுண்டுவார். தலையை ஆட்டுவார். அவிழ்ப்பார்கள். குடத்தை ஒரு விரற்கடை நகர்த்துவார்கள். மறுபடி கட்டுவார்கள். உடுக்கைக்காரர் தன் பக்கத்துக் கயிற்றை இழுத்து இழுத்து விட்டுக்கொண்டிருப்பார். பாட்டா குடத்தின் வாயில் உள்ளங்கையை வைத்து மூடித் திறந்து பார்ப்பார். யாரும் யாரோடும் அதிகம் பேசமாட்டார்கள். பேச்சு வந்தாலும் "பைய, பைய", "இந்தால இழு" என்று அவ்வளவுதான். கயிறு எந்தப் பக்கமாகச் சுற்றி எங்கே முடிச்சு விழுகிறது, குடம் எவ்வளவு சாய்ந்தால் ஒலி நிற்கும், எவ்வளவு நிமிர்ந்தால் குடம் உடையும் என்பதெல்லாம் அந்த ஐந்தாறு பேர் கையில் இருக்கிறது, வேறு எங்கும் எழுதி வைக்கப்படவில்லை. அவர்களில் பாதிப் பேருக்கு வயசாகிவிட்டது.

ஆனால் உங்கள் படிவத்தில் இதற்குக் கட்டமே இல்லை. அந்த நேரத்தில் நீங்கள் எப்படியும் ஜெனரேட்டரிலிருந்து ஒயர் இழுத்து லேப்டாப்புக்குச் சார்ஜ் போட்டுக்கொண்டிருப்பீர்கள்.

இல்லை, எடுத்தே தீருவேன் என்று பிடிவாதம் பிடிப்பவர்களுக்காகச் சொல்கிறேன்: காமிராவைக் கைகளின் உயரத்தில், தரையோடு வையுங்கள். முகம் தெரிய வேண்டாம், முடிச்சு தெரிய வேண்டும். வெட்டாமல் எடுங்கள். மறுநாள் மத்தியானம் சோறு உண்டு தூங்கி எழுந்த பிறகு, அந்த வீடியோவை அவர்களிடமே போட்டுக் காட்டி, ஒவ்வொரு இழுப்பும் எதற்கு என்று கேட்டு அதையும் பதிவு செய்யுங்கள். ஆனால் இது வழிகாட்டியில் வராது. உங்களுக்கும் எனக்கும் மட்டும்.

'இசைப்பவர்' என்ற கட்டம் ஒருமையில் இருக்கிறது. வயலினுக்கு அது சரி. வில்லில் நடுவே புலவர் அல்லது அண்ணாவி, வலம் பாடுகிறவர்கள் ஒரு பக்கம், இடம் பாடுகிறவர்கள் மறு பக்கம். கதையில் ஒரு வரி முடிந்தால் "ஆமா" போட ஒருவர் வேண்டும். அந்த "ஆமா" விழாவிட்டால் அடுத்த வரி எழும்பாது. அப்படி ஓர் ஆளுக்கு உலகத்தில் எந்த அருங்காட்சியகத்திலும் கட்டம் கிடையாது. நீங்கள் போஸ்டரில் பெரிய எழுத்தில் இருக்கும் பெயரை மட்டும் போடுங்கள். 'குறிப்பு' என்று கடைசியில் ஒரு சின்ன இடம் இருக்கும், அங்கே 'மற்றும் குழுவினர்'.

புகழ்பெற்றவர்களைக் குறிப்பிட்டால் பதிவுக்குக் கனம் சேரும். நாகர்கோவில் ஒழுகினசேரியில் 1908-இல் பிறந்த கலைவாணர் என்.எஸ். கிருஷ்ணன் வில்லை எடுத்துக்கொண்டு மேடையேறியது பற்றி ஒரு பத்தி எழுதலாம். அவரோடு இருந்து வளர்ந்த சுப்பு ஆறுமுகம் அதைக் கோவில் முற்றத்திலிருந்து வானொலிக்கும் சபாக்களுக்கும் கொண்டுபோனார். 2021-இல் பத்மஸ்ரீ வாங்கி, 2022 அக்டோபரில் மறைந்தார். தோவாளை சுந்தரம் பிள்ளை பெயரை இந்தப் பக்கத்துப் பெரியவர்கள் இன்னமும் சொல்வார்கள். அகஸ்தீஸ்வரம் பக்கம் ஆண்களே நடுவில் உட்கார்ந்த காலத்தில் வீசுகோல் பிடித்த பூங்கனி 2018-இல் போய்ச் சேர்ந்தார். அவர் வில்லுக்கு யாராவது படிவம் நிரப்பினார்களா என்று கேட்காதீர்கள், வழிகாட்டியின் சந்தோஷம் கெட்டுவிடும்.

ஒலிப்பதிவுக்கு வருவோம். ஒலிக் காப்பகங்களின் உலக அமைப்பான ஐயாசா, குறைந்தது 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸ் என்று பரிந்துரை வைத்திருக்கிறது, அதற்கு மேலே போனால் நல்லது என்றும். ஸ்டீரியோவில் 96 கிலோஹெர்ட்ஸில் எடுத்தால் ஒரு மணி நேரத்துக்கு 2 ஜிபி. ராத்திரி ஒன்பதுக்குத் தொடங்கி விடிகாலை ஐந்துக்கு வாழி பாடி முடித்தால் 16 ஜிபிக்கு மேலே போகும். அந்த 16 ஜிபியில் வில்லு எவ்வளவு என்று கேட்டால், கொஞ்சம் உண்டு. மிச்சம் குழாய் ஸ்பீக்கர், ஜெனரேட்டர், பக்கத்துத் தெருவில் கேரளாவிலிருந்து வரவழைத்த சிங்காரி மேளம், நன்கொடையாளர் பெயர்ப் பட்டியல், பிறகு வெடி. வெடி வெடிக்கும்போது மீட்டர் முள் சிவப்பில் போய் ஒட்டிக்கொள்ளும். முப்பந்தல் இசக்கி கோவில் பக்கம் என்றால் காற்றும் சேர்ந்துகொள்ளும். ஆரல்வாய்மொழிக் கணவாயில் காற்றாலைகளை வரிசையாக நட்டது சும்மாவா? மைக்குக்கு முடி வைத்த குல்லாய் ஒன்று வாங்கி மாட்டுங்கள். குழந்தைகள் அதைத் தடவிப் பார்ப்பார்கள், அதுவும் பதிவாகும். உருப்படியான ஒரு யோசனை வேண்டுமென்றால், இரண்டாவது மைக் ஒன்றைக் குடத்துக்குப் பக்கத்தில் வைத்துத் தனித் தடத்தில் எடுங்கள். ஊர் ஸ்பீக்கரில் வில்லுச் சத்தம் எப்படியும் கேட்கும், குடம்தான் தொலைந்துபோகும்.

'மாதிரி ஒலி' என்று ஒரு கட்டம் உண்டு. வாத்தியத்தைத் தனியாக, வேறு சத்தம் இல்லாமல், ஒரே ஒரு தடவை தட்டிப் பதிவு செய்ய வேண்டும். இதைக் கேட்பதற்குக் கூச்சப்படாதீர்கள். அண்ணாவி, "தனியாத் தட்டி என்னத்துக்கு? எந்தக் கதைக்கு?" என்று கேட்பார். எந்தக் கதைக்கும் இல்லை, சும்மா தட்டுங்கள் என்று சொல்லுங்கள். உங்கள் மேல் இரக்கப்பட்டுத் தட்டுவார். போனில் இருக்கும் சுருதி பார்க்கும் ஆப் அதை ஏதோ ஒரு சுரத்துக்கும் அடுத்த சுரத்துக்கும் நடுவில் காட்டும். பக்கத்தில் எது இருக்கிறதோ அதைப் போடுங்கள்.

'வேகம்' என்ற கட்டத்தை எப்போது நிரப்புகிறீர்கள் என்பதைப் பொறுத்து விடை மாறும். காப்புப் பாட்டிலும் நாட்டு வளத்திலும் ஒரு நிதானம் இருக்கும். நிமிஷத்துக்கு இத்தனை அடி என்று எண்ணிவிடலாம். கதைநாயகன் வெட்டுப்பட்டுச் சாகும் இடம் நெருங்க நெருங்க வீசுகோல் கண்ணுக்குத் தெரியாது. அந்த நேரம்தான் எதிரே சாமியாடும் கோமரத்தாடிக்கு அருள் ஏறும். ஸ்டூவர்ட் பிளாக்பர்ன் என்ற அமெரிக்கர் இதே கன்னியாகுமரி வட்டாரத்தில் கொடை கொடையாக உட்கார்ந்து கேட்டு 1988-இல் ஒரு புத்தகம் எழுதினார். பிறப்பைப் பாடும் இடத்துக்கும் சாவைப் பாடும் இடத்துக்கும் உள்ள வித்தியாசத்தை அவர் கவனித்த மாதிரி வேறு யாரும் கவனித்ததில்லை என்பது என் கட்சி. அ.கா. பெருமாள் ஊர் ஊராகப் போய்க் கதைகளையும் சுவடிகளையும் சேர்த்து அச்சில் ஏற்றியிருக்கிறார். பாளையங்கோட்டை தூய சவேரியார் கல்லூரியில் நாட்டார் வழக்காற்றியலுக்கென்றே ஓர் ஆய்வு மையம் இருக்கிறது. இவர்களுடைய புத்தகங்களைத் தயவுசெய்து முன்கூட்டியே படித்துவிடாதீர்கள். படித்தால் உங்கள் படிவத்தில் பாதிக் கட்டம் எதற்கு என்று தோன்றும், மிச்சப் பாதி போதாது என்றும் தோன்றும். நிதியாண்டு முடிவதற்குள் அறிக்கை போகாது. சாமியாட்டம் தொடங்கியதும் நிரப்ப வேண்டிய கட்டம் எதுவும் இருக்காது. லேப்டாப்பை மூடி மடியில் இடுக்கிக்கொண்டு ஓரமாக நில்லுங்கள். பாட்டா முன்னமே சொல்லியிருப்பார்: "சாமி வந்தா ஒம்ம பெட்டியையும் சேத்துத்தான் ஆடும்."

'தொடர்புடைய இடம்' என்ற கட்டத்தில் எல்லோரும் கோவில் பெயரைப் போட்டுவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். அன்றைக்குப் பாடியது இரவிக்குட்டிப் பிள்ளைப் போர் என்றால், 17-ஆம் நூற்றாண்டில் அந்தச் சண்டை நடந்த கணியாகுளம் நாகர்கோவிலை ஒட்டித்தான் இருக்கிறது. டவுன் பஸ் போகும். கேட்டுக்கொண்டிருப்பவர்களில் சிலர் அங்கிருந்து வந்தவர்களாகவும் இருப்பார்கள். வரைபடத்தில் ஒரு புள்ளி கூடுதலாக வைக்க இடமிருந்தால் வையுங்கள்.

கடைசியாக உரிமை. வில்லு அண்ணாவியுடையது. குடம் பாட்டாவுடையது. கதை எழுதிய நோட்டு, இப்போது இடம் பாடுகிறவரின் மாமனாருடையது. அவர் யாருக்கும் காட்டமாட்டார். மைக் செட் தக்கலைக்காரருடையது. பாட்டு யாருடையது என்று கேட்டால் எல்லோரும் சாமியைக் கைகாட்டுவார்கள். சாமி கையெழுத்துப் போடாது. ஆகையால் வழக்கமாகப் பதிவு எடுத்தவரின் பெயருக்குப் பக்கத்தில் வட்டத்துக்குள் சி போட்டுவிடுவது மரபு. நாமும் மரபைக் காப்பாற்றத்தானே வந்திருக்கிறோம். இதை மட்டும் நான் சிரித்துக்கொண்டு சொல்லவில்லை: ஒவ்வொருவர் பெயரையும், அவர் என்ன செய்தார் என்பதையும் எழுதி, எதை வெளியிடலாம், எதை வெளியிடக் கூடாது என்று தமிழில் ஒரு தாளில் எழுதிப் படித்துக்காட்டி அவர்களிடம் கையெழுத்து வாங்குங்கள். சம்பளமும் கொடுங்கள். மறுநாள் வீடியோ பார்த்து முடிச்சை விளக்கும் மத்தியானத்துக்கும் சேர்த்து.

எல்லாம் முடிந்து கோப்புகளை மூன்று இடத்தில் பத்திரப்படுத்தி, அதில் ஒன்று வேறு ஊரிலும் இருக்கிறது என்றால், கோவில் கமிட்டிச் செயலாளர் போன் செய்வார். நீங்கள் கொடுத்த வேவ் கோப்பு கோவில் ஆம்ப்ளிஃபயரில் ஓடவில்லை என்பார். எம்பி3-ஆக மாற்றி இரண்டு பென்டிரைவில் போட்டுக் கொடுங்கள். ஒன்று கமிட்டிக்கு. இன்னொன்று குடம் அடித்த பாட்டாவுக்கு. அவரை விட்டுவிடாதீர்கள், போன தடவை படம் பிடித்துக்கொண்டு போனவர்கள் "கொரியரில் அனுப்புகிறோம்" என்று சொன்ன சிடி இன்னும் வரவில்லை என்று டீக்கடையில் கேட்பவர்களிடம் எல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறார்.